துணி சுருங்குகிறதா, அட்டை வளைகிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

செய்முறை எல்லோருக்கும் கிடைத்துவிடுகிறது. புத்தகம் இருக்கிறது, வீடியோ இருக்கிறது, மதுரையில் ஆரி (கொக்கி ஊசியால் போடுகிற எம்ப்ராய்டரி) வகுப்புப் போர்டு தொங்காத தெருவும் குறைவு. ஆனால் பூவைத் தைத்து முடித்த பிறகு துணி சுருங்கி நிற்கும்போது, ஆசையாக ஒட்டிய வாழ்த்து அட்டை அப்பளம் மாதிரி வளைந்து கிடக்கும்போது கேட்க ஆள் கிடைப்பதில்லை. அந்த நேரத்துக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கு வந்த கோளாறு எது என்று தலைப்பைப் பார்த்து நேராக அங்கேயே போய்விடலாம்.

போவதற்கு முன் ஒரு வேண்டுகோள். கோளாறு கண்ணில் பட்டதும் கத்தரியை எடுத்துப் பிரிக்கத் தொடங்காதீர்கள். தையலில் தெரிகிற கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் அதற்கு முந்தைய படியில் இருக்கும். துணியை பிரேமில் (துணியை இறுக்கிப் பிடிக்கிற இரட்டை வளையம்) மாட்டிய விதம், நனைக்காமல் வெட்டிய துணி, காகிதத்தை மடித்த திசை, இப்படி ஏதாவது ஒன்று. அது தெரியாமல் பிரித்துத் திரும்பப் போட்டால் அதே கோளாறு அதே இடத்தில் வரும். நடுவில் துணி நைந்துபோவதுதான் மிச்சம்.

இன்னொன்று. எம்ப்ராய்டரியையும் காகித வேலையையும் ஏன் ஒரே இடத்தில் பேசுகிறேன் என்றால், பருத்தித் துணியும் காகிதமும் தாவர நாரால் ஆனவை. இரண்டும் தண்ணீர் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். இரண்டுக்கும் திசை உண்டு. துணிக்குப் பாவு (நீளவாட்டு இழை), ஊடை (குறுக்கு இழை) என்று நெசவிலேயே திசை வந்துவிடுகிறது. காகிதம் மில்லில் ஓடும்போது நார்கள் பெரும்பாலும் ஓடுகிற திசையிலேயே படுத்துக்கொள்கின்றன. ஈரம், திசை என்ற இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருகிற பல காரணங்களை நீங்களே ஊகித்துவிடுவீர்கள்.

தையலைச் சுற்றித் துணி சுருங்கி நிற்கிறது

அதிகம் பேர் தவிப்பது இதில்தான். சுருக்கம் எந்தக் கட்டத்தில் முதலில் தெரிந்தது என்று யோசித்துப் பாருங்கள். பதில் அதிலேயே இருக்கிறது.

பிரேமில் இருக்கும்போதே சுருங்கினால் துணி தளர்வாக இருந்திருக்கிறது, அல்லது நூலை இறுக்கி இழுத்திருக்கிறீர்கள். துணியை விரலால் சுண்டிப் பாருங்கள். டப்பென்று சத்தம் வர வேண்டும். தைக்கத் தைக்கத் துணி தளர்ந்துகொண்டே போகும் என்பதால் அவ்வப்போது நிறுத்தி இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்கினாலும் நழுவுகிறது என்றால் உள்வளையத்தில் பழைய பருத்தித் துணியை ஒரு விரல் அகலத்துக்கு நாடாவாகக் கிழித்து நெருக்கமாகச் சுற்றி, கடைசி முனையைத் தைத்துவிடுங்கள். துணிமேல் துணி பிடித்துக்கொள்ளும். மெல்லிய மல் துணியில் பிரேம் தடம் விழுவதும் இதனால் குறையும்.

பிரேமில் நன்றாக இருந்து, கழற்றிய பிறகு சுருங்கினால் மாட்டும்போது துணியைக் கோணலாக இழுத்திருக்கிறீர்கள். நான்கு மூலையையும் பிடித்து இழுப்பதால் வருவது இது. மூலைவாட்டில் எந்தத் துணியும் ரப்பர் போல நீளும். நீண்ட நிலையில் தைத்துவிட்டு விடுவித்தால் துணி பழைய அளவுக்குத் திரும்பும், தையல் திரும்பாது. திருகைப் பாதி இறுக்கி, பாவு வாட்டில் ஒரு தடவை, ஊடை வாட்டில் ஒரு தடவை இழுத்துச் சமன் செய்து, பிறகு முழுதாக இறுக்குங்கள்.

துவைத்த பிறகு சுருங்கினால் துணியை முதலில் நனைக்கவில்லை என்று பொருள். கோரா (வெளுக்காத) துணி, கைத்தறி, கதர் எல்லாமே முதல் தண்ணீரில் சுருங்கும். கடையில் விறைப்பாக இருக்கிற துணியில் கஞ்சியும் இருக்கும். வாங்கி வந்ததும் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, அலசி, நிழலில் காயவைத்து, லேசான ஈரத்தில் இஸ்திரி போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ஏற்கெனவே சுருங்கியதை மீட்க முடியுமா? ஓரளவு முடியும். தடித்த டர்க்கி டவலை விரித்து, தைத்த பக்கம் கீழே இருக்கும்படி துணியைப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து, இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் வைத்து வைத்து எடுங்கள். பூ டவலுக்குள் அமுங்கிக்கொள்ளும், சுற்றியுள்ள துணி மட்டும் நீவும். முதல் இரண்டு வகைச் சுருக்கத்துக்கு இது நன்றாகவே கேட்கும். துவைத்ததால் வந்த சுருக்கம் முழுசாகப் போகாது.

நூல் சிக்குகிறது, நடுவில் முடிச்சு விழுகிறது

பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். "அக்கா, மட்டமான நூலா குடுத்துட்டாங்களா? பத்துத் தையலுக்கு ஒரு முடிச்சு விழுது."

"நூல் மேல தப்பில்லம்மா. துணியைக் கவுத்து, ஊசியை அப்படியே தொங்க விட்டுப் பாரு."

விட்டாள். ஊசி தன்னால் சுற்ற ஆரம்பித்தது. முதலில் வேகமாக, பிறகு மெதுவாக, கடைசியில் லேசாக ஆடி நின்றது. அதுவரை கம்பிச்சுருள் போல இருந்த நூல் நேராகிவிட்டது. தைக்கும்போது விரல்கள் ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரே பக்கம் உருட்டும். அந்த முறுக்கு நூலில் சேர்ந்து, தாங்க முடியாதபோது முடிச்சாகிறது. எட்டுப் பத்துத் தையலுக்கு ஒருமுறை இப்படித் தொங்கவிட்டால் போதும்.

நீளமும் காரணம். திரும்பத் திரும்பக் கோர்க்கச் சோம்பல்பட்டு நீளமாக வெட்டினால் சிக்காமல் இருக்காது. பூக்காரம்மா அளக்கிற அதே முழம், முழங்கையிலிருந்து விரல் நுனி வரை, ஏறத்தாழ 45 செ.மீ. அதற்கு மேல் வேண்டாம். ஆங்கர் போன்ற எம்ப்ராய்டரி நூலில் ஆறு இழை சேர்ந்திருக்கும். இரண்டு இழை வேண்டும் என்று இரண்டையும் சேர்த்து உருவினால் மீதி நான்கும் சிக்கலாகும். ஒரு கையில் நூலின் நுனியைப் பிடித்து, ஒரே ஓர் இழையை மேலே உருவுங்கள். மற்ற ஐந்தும் கீழே சுருண்டு நிற்கும். இழை முழுதாக வெளியே வந்ததும் தானாக நேராகிவிடும். பிறகு அடுத்த இழை. தனித்தனியாக உருவிச் சேர்த்த இழைகள் துணியில் தட்டையாகப் படியும், பளபளப்பும் கூடும். நேரம் கூடுதலாகத்தான் ஆகும். ஆனாலும் இந்த வேலையை விடாதீர்கள்.

நூல் பஞ்சு பஞ்சாகப் பிரிகிறது

ஊசியின் காது சிறியது. காது பெரிதாக உள்ள ஊசிக்கு மாறுங்கள். ஊசி எண் ஏற ஏற ஊசி மெலியும் என்பதால் கடையில் சின்ன எண்ணாகக் கேளுங்கள். ஜரிகை நூல் என்றால் அரை முழம் போதும். அதன் மேல் சுற்றியிருக்கிற மினுமினுப்பு துணிக்குள் ஒவ்வொரு முறை போய்வரும்போதும் உரிந்துகொண்டே இருக்கும்.

சாட்டின் தையலில் இடைவெளி, ஓரம் பல் பல்லாக

வடிவத்தை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நெருக்கமான தையலால் நிரப்புவதுதான் சாட்டின். வடிவத்தின் கோட்டின்மேல் முதலில் நெருக்கமாக ஒரு பேக் ஸ்டிட்ச் (பின்னால் திரும்பித் திரும்பிப் போடுகிற தையல்) ஓட்டி, அதை மூடுகிற மாதிரி மேலே சாட்டின் போடுங்கள். ஓரம் தானாக ஒழுங்காகும். இலையை ஒரு நுனியில் தொடங்கி மறு நுனிக்குப் போனால் பாதியிலேயே சாய்வு மாறிவிடும். நடுவில் முதல் தையலைப் போட்டு ஒரு பாதியை முடித்து, திரும்ப நடுவுக்கு வந்து மறு பாதியைப் போடுங்கள். 1 செ.மீ.க்கு மேல் அகலமான இடத்தில் சாட்டின் வேண்டாம். நீண்ட நூல் தொய்ந்து வளையலில் மாட்டும். அங்கே நீளமும் குட்டையுமாகக் கலந்து போடுகிற தையல்தான் சரி.

பிரெஞ்சு நாட் (ஊசியில் நூலைச் சுற்றிப் போடுகிற முடிச்சு) துணிக்குள் புகுந்து காணாமல் போவதும் இதே போலச் சின்னக் காரணம்தான். ஊசி வெளிவந்த அதே ஓட்டையில் திரும்ப இறக்குகிறீர்கள். ஓரிரு இழை தள்ளி இறக்குங்கள். சுற்றிய நூலை இடது கையால் கடைசி வரை இழுத்துப் பிடித்திருங்கள். பெரிய நாட் வேண்டுமானால் சுற்றைக் கூட்டாதீர்கள், இழையைக் கூட்டுங்கள்.

ஆரி ஊசி துணியில் மாட்டிக்கொள்கிறது

புதிதாகக் கற்கிறவர்களை அழ வைப்பது இது. ஊசி இறங்கும், ஏறி வராது. பிடித்து இழுத்தால் துணி கிழியும்.

ஆரி ஊசியின் நுனியில் கொக்கி இருக்கிறது. கைப்பிடியில் ஊசியை இறுக்குகிற திருகு இருக்கிறது. கொக்கி பார்க்கும் பக்கமும் திருகு இருக்கும் பக்கமும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கொக்கி துணிக்கு அடியில் இருக்கும்போது உங்கள் கண்ணுக்குத் தெரிவது திருகு மட்டும்தான். அது மாறி இருந்தால் குருட்டுத்தனமாகத் தைப்பீர்கள். முதலில் இதைச் சரிபாருங்கள்.

அடுத்தது கை அசைவு. ஊசியை இறக்கி, அடியில் நூலைக் கொக்கியில் மாட்டி, கைப்பிடியை அரைச் சுற்று திருப்பி, ஊசியின் முதுகால் ஓட்டையின் ஓரத்தை லேசாக அழுத்திக்கொண்டே ஏற வேண்டும். அழுத்துவதால் கொக்கிப் பக்கம் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. அந்த இடத்தில்தான் கொக்கியும் நூலும் நழுவி வெளியே வருகின்றன. செங்குத்தாக, எந்தப் பக்கமும் அழுத்தாமல் தூக்கினால் கொக்கி துணி இழையைப் பிடிக்காமல் விடாது. நூல் இல்லாமல் வெறும் ஊசியால் இந்த இறக்கம், திருப்பம், ஏற்றத்தைக் கொஞ்ச நேரம் செய்து பழகுங்கள். கைக்கு அந்த வழி பிடிபட்ட பிறகு நூலை மாட்டினால் போதும்.

அசைவு சரியாக இருந்தும் நூல் அறுகிறதா? கொக்கியைக் கட்டைவிரல் நகத்தில் மெல்ல உரசிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் மிக நைஸான உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் ஊசியை மாற்றிவிடுங்கள். விலை குறைந்த பொருள், அதோடு போராட வேண்டாம்.

போட்ட சங்கிலி மொத்தமும் ஓர் இழுப்பில் உருவி வந்துவிட்டால் கடைசிக் கண்ணியைப் பூட்டவில்லை. சங்கிலித் தையலில் ஒவ்வொரு கண்ணியையும் அடுத்த கண்ணிதான் பிடித்திருக்கிறது. கடைசிக் கண்ணியைப் பிடிக்க ஒன்றும் இல்லை. அதைத் தாண்டிச் சின்னதாக ஒரு தையல் இறக்கி, பின்பக்கம் நூலை இழுத்து முடிச்சுப் போட வேண்டும். சில்க் நூல் வழுக்கும் என்பதால் ஒரு முடிச்சு போதாது, இரண்டாகப் போடுங்கள்.

சம்கி, பாசி உதிர்கிறது

சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேடமும் கருப்பசாமி வேடமும் போடுகிறவர்களின் உடையைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? வெல்வெட்டில் ஜரிகையும் சம்கியுமாக இருக்கும். சித்திரை வெயிலில் ஆடி, வியர்த்து, தோல்பையிலிருந்து பீய்ச்சுகிற தண்ணீரில் நனைந்தும் அந்தச் சம்கி நிற்க வேண்டும். மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் உட்கார்ந்து அதைத் தைத்துவந்த தையல்காரர்கள் அந்தத் தொழிலின் கெட்டிக்காரர்கள். அங்கிருந்த கடைகள் பல இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. நூல், சம்கி வாங்கப் போகும்போது அந்த வேலையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் பாடம்.

உங்கள் வேலையில் சம்கி வரிசையாக உதிர்ந்தால் ஒரே நூலில் ஓட்டுத் தையலாகக் கோர்த்துக்கொண்டே போயிருக்கிறீர்கள். ஓர் இடத்தில் அறுந்தால் வரிசை முழுக்கப் போகும். ஒவ்வொரு சம்கிக்கும் பின்னால் திரும்பி ஒரு தையல் போடுங்கள். நாலைந்துக்கு ஒருமுறை பின்பக்கம் முடிச்சிட்டு நகருங்கள். கண்ணாடிப் பாசி ஆங்காங்கே தனியாக உதிர்ந்தால் பாசித் துளையின் கூர்மையான விளிம்பு நூலை அறுக்கிறது. நூலை இரட்டையாக்கி, மெழுகுவர்த்தியில் ஒருமுறை இழுத்துவிட்டுக் கோருங்கள். பிளாஸ்டிக் சம்கிமேல் நேராக இஸ்திரி படக் கூடாது. சூட்டில் சுருண்டுவிடும், அதை மீட்க வழியே இல்லை.

டிரேஸ் எடுத்த கோடு போகவில்லை

எதனால் வரைந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. தண்ணீரில் போகும் நீலப் பேனா என்றால் இஸ்திரி போடுவதற்கு முன்பே குளிர்ந்த தண்ணீரில் முழுசாக அலச வேண்டும். அலசாமல் சூடு காட்டினால் கோடு நிலைத்துவிடும். சூட்டில் மறையும் பேனாவுக்கு நேர்மாறான குணம். இஸ்திரியில் மறையும், ஆனால் உறைய வைக்கிற குளிரில் திரும்ப வரலாம். பனி கொட்டுகிற ஊரில் இருக்கிற உறவுக்காரருக்குப் பரிசு அனுப்புவதானால் அந்தப் பேனாவைத் தொட வேண்டாம்.

ஊசியால் குத்திய டிரேசிங் பேப்பரை வைத்து, ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்க்கிற முறையில் கோடு பரவி ஈஷினால் குழம்பில் எண்ணெய் அதிகம். பஞ்சு ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. ஒரே திசையில் ஒருமுறை துடைத்து எடுத்து, காய்ந்த பிறகு தட்டிவிடுங்கள். இந்த வேலையை அடுப்பங்கரையில் செய்யாதீர்கள், விளக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

துவைத்ததும் சிவப்பு நூல் வெள்ளைத் துணியில் இறங்கிவிட்டது

இங்கே வேகம் முக்கியம். சாயம் இறங்கிய துணியை எக்காரணம் கொண்டும் காயவிடாதீர்கள். ஈரமாக இருக்கும் வரை சாயம் நகரும், நகரும் வரை வெளியே எடுக்கலாம். குழாயைத் திறந்து, ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் பின்பக்கத்திலிருந்து காட்டுங்கள். பிறகு அகலமான வாளியில் நிறையத் தண்ணீரும் கொஞ்சம் மென்மையான சோப்புத் தூளும் போட்டு முக்கி வையுங்கள். தண்ணீர் நிறம் மாறினால் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். நிறம் வராத வரைக்கும் இதைத் தொடருங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம், மடித்து வைக்கவும் வேண்டாம். கறை முழுசாகப் போகும் முன் இஸ்திரி போட்டால் அத்தோடு சரி.

உப்பு போட்டால் சாயம் நிற்கும், வினிகர் போட்டால் நிற்கும் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சாயம் ஏற்றுகிற நேரத்தில் உப்புக்கு வேலை உண்டு. தைத்து முடித்த நூலில் அதை நம்பி இறங்காதீர்கள். நம்ப வேண்டியது முன்கூட்டிய சோதனை ஒன்றைத்தான். நூலில் ஒரு விரல் நீளம் வெட்டி, நனைத்த வெள்ளைத் துணிக்குள் மடித்து, மேலே இஸ்திரியை வைத்து அழுத்துங்கள். வெள்ளையில் தடம் விழுந்தால் அந்த நூலை அலசிக் காயவைத்துத் திரும்பச் சோதியுங்கள். சிவப்பு, கருப்பு, கருநீலம், அரக்கு இந்த நான்குக்கும் கட்டாயம் செய்யுங்கள்.

துணியே சாயம் விடுகிற சங்கதியும் உண்டு. சுங்குடியில் எம்ப்ராய்டரி போடுவதை நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். மதுரையின் சௌராஷ்டிரா குடும்பங்கள் துணியைக் கிள்ளி, நூலால் முடிச்சிட்டு, சாயத்தில் முக்கி எடுத்த வேலை அது. 2005-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. முடிச்சு இருந்த இடத்தில் சாயம் ஏறாமல் நின்ற வெள்ளைப் புள்ளியே உங்களுக்கு டிசைன், டிரேஸ் எடுக்கிற வேலையே இல்லை. ஒவ்வொரு புள்ளியையும் நடுவாக வைத்து லேசி டெய்ஸி (இதழ் இதழாகக் கண்ணி போடுகிற தையல்) போட்டால் துணி முழுக்கப் பூ பூக்கும். கையால் முடிச்சிட்டது என்றால் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது, அந்தச் சின்னச் சின்ன வித்தியாசம் தையலுக்கு உயிர் தருகிறது. ஆனால் அடர்ந்த நிறச் சுங்குடி முதல் தண்ணீர்களில் சாயம் விடும். தனியாக அலசி, தண்ணீர் தெளிவாக வரும் வரை பொறுத்து, பிறகு வெளிர் நூலை எடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில் சோப்பு நுரைக்காமல் அடர்நிறத் துணியில் வெள்ளைத் திட்டாகப் படியும். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

அட்டையை மடித்தால் மடிப்பு வெடிக்கிறது

இனி காகிதம். தினசரிப் பேப்பரை எடுத்து மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள். ஓரளவு நேராக வரும். அதையே பக்கவாட்டில் கிழித்தால் கோணிக்கொண்டு எங்கேயோ போகும். நார் படுத்திருக்கிற திசையில் கிழிசல் ஒழுங்காக ஓடுகிறது, குறுக்கே போகும்போது தடுமாறுகிறது. மடிப்புக்கும் இதே கதைதான்.

சார்ட் அட்டையைக் கிழித்துப் பார்க்க வேண்டியதில்லை. மடிக்காமல் லேசாக வளைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். ஒரு வாட்டில் இணங்கும், மறு வாட்டில் எதிர்க்கும். இணங்குகிற வாட்டில்தான் மடிப்பு வர வேண்டும். வாழ்த்து அட்டை வெட்டும்போதே இதைப் பார்த்து வெட்டினால் மடிப்பு கத்தி போல நிற்கும்.

திசையை மாற்ற இடமில்லை என்றால் கோடு கீறி மடியுங்கள். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவும் ஸ்கேலும் போதும். அட்டைக்கு அடியில் நாலைந்து தாள் வைத்து, அழுத்தி ஒரே கோடு. பள்ளம் விழுந்த பக்கம் மடிப்பின் வெளிப்பக்கமாக இருக்க வேண்டும், புடைத்த பக்கம் உள்ளே. பலரும் பள்ளத்துக்குள்ளேயே மடிக்கிறார்கள், வெடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். சிவகாசியில் அச்சான பளபளப்புக் காலண்டர் தாள், அழைப்பிதழ் அட்டை போன்றவற்றில் மேல் பூச்சு வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். கீறிவிட்டு மடித்தாலும் கொஞ்சம் தெரியத்தான் செய்யும். அதே நிற ஸ்கெட்ச் பேனாவால் மடிப்பை ஒருமுறை தடவிவிடுங்கள்.

ஒட்டிய காகிதம் அலை அலையாக, அட்டை வளைந்து

பெவிகால் போன்ற வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. காகிதம் அதைக் குடித்து உப்புகிறது, உப்பிய நிலையிலேயே ஒட்டிக்கொள்கிறது. அதுதான் அலை. பசையை மெல்லிய தாளில் தடவாதீர்கள், கெட்டியான அட்டையில் தடவுங்கள். பழைய ஏடிஎம் அட்டையின் விளிம்பால் வழித்து, மினுமினுப்பு மட்டும் மிஞ்சுகிற அளவுக்கு மெலிதாக்குங்கள். கொஞ்சம் பிசுபிசுக்கும் வரை விட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி ஒட்டி, மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். ஓர் இரவு எடுக்காதீர்கள். எட்டிப் பார்க்க எடுத்தாலும் போச்சு.

அலை இல்லை, ஆனால் அட்டையே வில்லாக வளைந்துவிட்டது என்றால் ஒட்டிய தாள் காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுத்திருக்கிறது. எதிர்ப்பக்கம் அதே மாதிரித் தாளை, அதே வாட்டில், அதே பசையால் ஒட்டுங்கள். இரண்டு பக்க இழுப்பும் சமமாகி அட்டை நிமிரும். அழகுக்காக ஒட்டுவது முன்பக்கம் மட்டும் என்று நினைப்பதால்தான் இத்தனை பெட்டிகளும் ஆல்பங்களும் வளைகின்றன.

நம் ஊர்ப் பருவத்தையும் கணக்கில் எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்று ஈரமாக இருக்கும். தாள் தொய்ந்து, ஒட்டியது காய நாளாகும். தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் தட்டையாகப் படுக்கவையுங்கள், நிற்கவைத்தால் வளையும். அக்னி நட்சத்திரத்தில் எதிர்ப் பிரச்சினை. ஒட்டும் முன்பே பசைமேல் தோல் கட்டிவிடும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, சிறு சிறு இடமாகத் தடவி ஒட்டுங்கள். வேர்க்கும்தான், வேறு வழியில்லை.

மைதா பசையில் ஒட்டியதைக் கரப்பானும் ராமபாணப் பூச்சியும் அரித்தால் பசைதான் அவற்றுக்குச் சாப்பாடு. அந்தப் பசையை அன்றன்றைக்கு ஆகிற விளையாட்டுச் சாமான்களுக்கு, பிள்ளைகளின் காகிதச் சப்பரம், பட்டம் இவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பல வருஷம் இருக்க வேண்டியதற்கு வேண்டாம்.

குயிலிங் சுருள் விரிந்துவிடுகிறது, கத்தி பிசிறடிக்கிறது

குயிலிங் என்பது காகிதப் பட்டையைச் சுருட்டி ஒட்டுகிற வேலை. சுருளின் கடைசி நுனியில் பசை வைத்துவிட்டு உடனே விட்டுவிடுகிறீர்கள். இருபது எண்ணும் வரை விரலால் பிடியுங்கள். பசையை ஊசி நுனியில் தொட்டு வைத்தால் போதும். கத்தி பிசிறடித்தால் கட்டர் பிளேடின் நுனியை ஒரு கண்ணி உடைத்துப் புது முனையை எடுங்கள். மொக்கைப் பிளேடில் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் விரலில்தான் போய் நிற்கும்.

காகிதத்தில் தைத்தால் கிழிகிறது

அட்டையில் நூலால் பூ தைப்பது பார்க்கச் சுலபம். ஆனால் துணி மன்னிப்பதைக் காகிதம் மன்னிக்காது. துணியில் ஊசி இழைகளை ஒதுக்கிக்கொண்டு போகிறது, எடுத்ததும் இழை கூடிக்கொள்ளும். காகிதத்தில் விழுந்த ஓட்டை ஓட்டைதான். அதனால் முழுத் திட்டத்தையும் குத்துவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

ஓட்டைக்கு ஓட்டை வரிசையாகப் பிய்ந்து வந்தால் நெருக்கமாகக் குத்தியிருக்கிறீர்கள். தபால்தலையைக் கிழிக்க வைக்கிற துளை வரிசையை நீங்களே போட்ட மாதிரி. குறைந்தது 3 மி.மீ. இடைவெளி வேண்டும். ஒரே மையத்திலிருந்து பல இதழ் போகிற பூவில் எல்லா நூலையும் ஒரே துளைக்குள் விடாமல் நடுவில் சின்ன வட்டமாகத் துளைகளைப் பரப்புங்கள். தாள் 200 முதல் 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கட்டும். ஜெராக்ஸ் தாள் 70, 80 ஜிஎஸ்எம்தான், தாங்காது.

துளை பெரிதாகி நூல் ஆடினால் குத்திய ஊசி தடிமன். தைக்கிற ஊசியாலேயே, முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக, கீழே தெர்மோகோல் வைத்துக் குத்துங்கள். பிசிறு பின்னால் போய்விடும். எல்லாத் துளையையும் குத்தி முடித்த பிறகே நூலைக் கோருங்கள்.

தைக்கும்போது கிழிந்தால் நூலை இழுக்கிற கோணம் தவறு. பக்கவாட்டில் இழுத்தால் நூல் ரம்பமாகி அட்டையை அறுக்கும். அட்டைக்குச் செங்குத்தாக இழுத்து, நூல் படிந்ததும் நிறுத்துங்கள். இறுக்கம் வேண்டவே வேண்டாம். தொடக்கத்தில் முடிச்சுப் போட்டால் துளை வழியாக உருவி வந்துவிடும். நுனியைப் பின்பக்கம் படுக்கவைத்து, மேலே சின்னத் தாள் துண்டை ஒட்டுங்கள். செல்லோ டேப் சில வருஷத்தில் மஞ்சளாகிப் பசை கசியும்.

ஒரு துளை கிழிந்துவிட்டதற்காக அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். பட்டத் தாளில் நகமளவு வெட்டி, பின்பக்கம் மெலிதாகப் பசை தடவி ஒட்டி, காய்ந்ததும் அதே இடத்தில் திரும்பக் குத்துங்கள். முன்னால் நூல் மூடிவிடும்.

சட்டம் போட்ட பிறகு துணியில் பழுப்புக் கறை

துணியை அட்டையில் பசை போட்டு ஒட்டியிருக்கிறீர்கள். பசை ஊறி, நாளாக ஆக முன்பக்கம் தெரிகிறது. இதற்குப் பசையே வேண்டாம். போன வருஷத்துத் தினசரிக் காலண்டர் அட்டை எல்லோர் வீட்டிலும் இருக்கும், நல்ல கெட்டி. அதன்மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தி, மேலே எம்ப்ராய்டரித் துணியைச் சுற்றிலும் 4 செ.மீ. கூடுதல் விட்டு வையுங்கள். பின்பக்கம் எதிரெதிர் ஓரங்களைத் தடித்த நூலால் ஷூவுக்கு லேஸ் கட்டுவது போல இழுத்துத் தையுங்கள். முதலில் மேலும் கீழும், பிறகு இடமும் வலமும். பாவு நேராக ஓடுகிறதா என்று முன்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நூலை இறுக்குங்கள். கோணலாக நின்றால் அந்தப் பக்க நூலை மட்டும் தளர்த்திச் சரிசெய்யலாம். அழுக்கானால் நூலை வெட்டிவிட்டுத் துணியை எடுத்து அலசவும் செய்யலாம்.